பழைய பொலிரோ, சுமோ வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் பழைய பொலிரோ, சுமோவைத் தேடுகிறார்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

காலையில், இன்ஜின் சூடேறும் முன் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள்ளேயே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வரலாம். புகை குபுகுபுவென அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அந்தச் செலவு பெரியது. அடியில் படுத்து சேஸைப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், துருவை மறைக்கிறார்களா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். 15 ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும், அது 5 ஆண்டுக்குச் செல்லும். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். பழைய பெயரிலேயே ஓட்டினால், விபத்தில் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வாங்கியதும் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.