வளர்ச்சிக் குறைபாடும் பராமரிப்பாளர் பயிற்சியும்: தமிழ்நாட்டு வரலாறு

வளர்ச்சிக் குறைபாடு உடைய குழந்தைகளின் பெற்றோர், ஆசிரியர், விடுதிப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருக்கு நடத்தை அடிப்படையிலான கற்பித்தல் முறைகளைப் பழக்கித் தருவது பராமரிப்பாளர் பயிற்சி எனப்படும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் (மதியிறுக்கம்), மூளை முடக்குவாதம் முதலியவை இங்கே வளர்ச்சிக் குறைபாடு என்று குறிக்கப்படுகின்றன. குழந்தை தானாக உண்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது, தேவையைச் சொல்லால் அல்லது சைகையால் தெரிவிப்பது, தன்னையோ பிறரையோ அடிக்கும் பழக்கத்தைக் குறைப்பது ஆகியவை இப்பயிற்சியின் வழக்கமான இலக்குகள்.

இதன் தேவையைப் புரிந்துகொள்ளப் பழவேற்காடு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள இந்த உப்பங்கழி ஏரியைச் சுற்றி மீனவக் குப்பங்கள் பல உள்ளன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. தன் முறை வரும் நாளை இழந்தால் அந்த வருமானம் போனதுதான். மீன் விற்பனைக்குப் போகும் தாய்க்கும் இதே கணக்கு. இத்தகைய வீட்டுக் குழந்தையை வாரத்துக்கு மூன்று நாள் சென்னையில் உள்ள சிகிச்சை மையத்துக்கு அழைத்துவரச் சொல்வது எளிது; குடும்பம் அதைச் செய்வது கடினம். வாரத்தில் ஒரு மணி நேரம் நிபுணரைப் பார்க்கும் குழந்தை மற்ற நேரமெல்லாம் அம்மாவோடு, ஆயாவோடு, அக்காவோடு இருக்கிறது. ஆகவே கற்பிக்கும் திறன் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் உலகில் பல இடங்களில், சென்னை உட்பட, ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானது.

தொடக்கம்

1940-கள் வரை, கடும் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு எதையும் கற்பிக்க முடியாது என்பதே பரவலான கருத்து. 1949-இல் அமெரிக்காவைச் சேர்ந்த பால் புல்லர் என்ற ஆய்வாளர், படுத்த படுக்கையாக இருந்த 18 வயது இளைஞர் ஒருவர் கையை அசைக்கும்போதெல்லாம் இனிப்புக் கலந்த பாலைச் சிறிதளவு கொடுத்தார். கையசைவு தெளிவாகக் கூடியது. சோதனை மிகச் சிறியதுதான். ஆனால் 'கற்க இயலாதவர்' என்ற முடிவை அது அசைத்துவிட்டது.

1959-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மருத்துவமனையில் டியோடோரோ அய்லன், ஜாக் மைக்கேல் இருவரும் அடுத்த படியை எடுத்தனர். நோயாளிகளின் நடத்தையை மாற்றும் வேலையை அவர்கள் தாங்களே செய்யவில்லை. வார்டில் எப்போதும் இருக்கும் செவிலியருக்கும் உதவியாளருக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துச் செய்வித்தனர். பணியாளர் பயிற்சியின் வரலாறு இங்கிருந்து தொடங்குவதாகக் கொள்ளலாம். 1964-இல் வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகிய மூவர் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைக் கண்ணாடி அணியப் பழக்கியபோது, அவன் பெற்றோரையும் அந்தப் பணியில் ஈடுபடுத்தினர்.

1973-இல் ஐவர் லோவாஸ் குழுவினர் வெளியிட்ட தொடராய்வின் முடிவு இன்னும் முக்கியமானது. பயிற்சிக்குப் பின் விடுதிக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் கற்றதை இழந்தனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பியவர்கள் தக்கவைத்தனர். இதே லோவாஸ் தொடக்க காலத்தில் மின்னதிர்ச்சி உள்ளிட்ட தண்டனைகளையும் பயன்படுத்தினார் என்பதை மறைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இந்த மரபின் மீது இன்றும் வைக்கும் கண்டனத்துக்கு அது ஒரு காரணம்.

இதற்கிடையே 1969-இல் விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில், பரந்து கிடக்கும் கிராமங்களுக்கு வாரம் ஒருமுறை ஆசிரியர் வீடு தேடிப் போய்த் தாய்க்குக் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. 1989-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமுதாய அடிப்படையிலான மறுவாழ்வுக் கையேடும் குடும்பத்தில் ஒருவரையே பயிற்றுநராகக் கொண்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த பத்மணி மெண்டிஸ்.

சென்னையில்

மேரி கிளப்வாலா ஜாதவின் 'கில்டு ஆஃப் சர்வீஸ்' அமைப்பு 1950-களில் தொடங்கிய பாலவிஹார், தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான பணியில் முன்னோடி. பள்ளியோடு ஆசிரியர் பயிற்சியும் அங்கே வளர்ந்தது. அந்தத் துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் பி. ஜெயச்சந்திரன், வி. விமலாவுடன் சேர்ந்து 1975-இல் உருவாக்கியது 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்'. நடை, கைவேலை, உணவு, உடை, தூய்மை, கழிப்பறை, பேச்சு, எண், பணம், வீட்டு வேலை, தொழில் என்று 18 பகுதிகள். பகுதிக்கு 20 வீதம் 360 திறன்கள். எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தப்பட்டவை. ஒவ்வொரு வரியும் குழந்தை என்ன செய்கிறது என்று எழுதப்பட்டிருக்கும்; என்ன செய்யவில்லை என்றல்ல. இது சிறு மாற்றம் போலத் தோன்றும். ஆனால் பிள்ளையைப் பற்றிக் குறைகளையே கேட்டுப் பழகிய ஒரு தாய் அந்தத் தாளைப் பார்க்கும்போது, தன் பிள்ளைக்குத் தெரிந்தவற்றின் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்.

1989-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம் பிஞ்சுப் பருவத்தில் கவனம் செலுத்தியது. ஜெயா கிருஷ்ணசுவாமியின் வழிகாட்டுதலில் அங்கே வளர்ந்த தொடக்கநிலைத் திட்டத்தின் பெயர் 'உபநயன்'. பூணூல் சடங்கு என்று கேட்பவர் நினைக்கலாம்; கைபிடித்து அழைத்துச் செல்லுதல் என்ற பொருளில் வைத்த பெயர் அது. இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஐந்து பகுதிகளில் 50 வீதம் 250 திறன்கள். குழந்தையோடு தாயும் வகுப்பில் இருந்து, ஆசிரியர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து பழகுவதே முறை.

1984-இல் செகந்திராபாத்தில் அமைந்த தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனத்தில் ரீட்டா பேஷாவரியா, எஸ். வெங்கடேசன் இருவரும் 1992-இல் ஆசிரியர்களுக்கான நடத்தை முறைக் கையேட்டையும், இந்தியக் குழந்தைகளுக்கான மதிப்பீட்டு அளவையையும் வெளியிட்டனர். அளவையின் முதற்பகுதியில் 280 திறன்கள். இரண்டாம் பகுதியில் அடம், பிறரைத் தாக்குதல், தன்னைத்தானே காயப்படுத்தல், அச்சம் முதலான 75 சிக்கல் நடத்தைகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ 57 பெற்றோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சொற்பொழிவும் மறு பிரிவுக்குக் கலந்துரையாடும் குழுப் பயிற்சியும் 10 வாரம் தரப்பட்டன. குழுப் பயிற்சி பெற்றவர்களின் மனப்பாங்கில் நல்ல மாற்றம் தெரிந்ததாக 1999-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. மேடையில் நின்று சொல்வது பயிற்சி ஆகாது என்று ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் அறிந்ததையே அது எண்களால் காட்டியது.

வீட்டில் நடப்பது

ஒரு சிறுவன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான் என்று கொள்வோம். வீட்டார் அதைப் பிடிவாதம் என்பார்கள். அடிப்பார்கள், அல்லது கெஞ்சுவார்கள். பயிற்சி பெற்றவர் முதலில் மூன்று கட்டங்கள் கொண்ட தாளில் குறித்துக்கொள்வார்: முன்பு என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்பு என்ன கிடைத்தது. ஒரு வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியவரும். வயிறு நிறைந்ததும் எறிகிறான். எறிந்ததும் தட்டு எடுக்கப்படுகிறது. 'போதும்' என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எறிவதே பேச்சு. அப்போது கற்பிக்க வேண்டியது கையசைத்துப் 'போதும்' காட்டுவதை. காட்டிய உடனே தட்டை எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் பயிற்சி பெற்று, பாட்டி பழையபடியே நடந்தால் பயன் பாதியாகும்.

திறன்களையும் இப்படியே பிரித்துக் கற்பிக்கலாம். பிடித்துவந்த இறாலை நண்டிலிருந்தும் பொடி மீனிலிருந்தும் பிரிப்பது குப்பத்துப் பெண்களுக்குக் கண்மூடிச் செய்யும் வேலை. அதையே முதலில் இறால் மட்டும், ஒரே கூடை, கையைப் பிடித்து உதவி. பிறகு கைதொடாமல் சுட்டிக்காட்டி. பிறகு இரண்டு கூடை என்று படிப்படியாக ஆக்கினால், குழந்தை ஊரோடு சேர்ந்து செய்யும் வேலையாகிறது. பிளாஸ்டிக் மணி கோக்கும் பயிற்சியைவிட இதில் அர்த்தம் உண்டு.

பயிற்றுநர் விளக்கிச் சொல்லி, செய்துகாட்டி, கற்பவரைச் செய்யச் சொல்லி, உடனுக்குடன் திருத்துவார். நான்காவது படியைத்தான் பல பயிற்சி முகாம்கள் விட்டுவிடுகின்றன. சான்றிதழ் கொடுத்து அனுப்பியபின் யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை.

சட்டமும் சான்றிதழும்

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், தகுதியும் பதிவும் இன்றி இத்தொழிலைச் செய்வதைத் தண்டனைக்குரியது ஆக்கியது: ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி மருத்துவம் போலப் போலிச் சிகிச்சையும் பெருகிய நாட்டில் இது தேவையே. ஆனால் கிராமத்தில் பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணைப் பணியாளராகப் பழக்கிய அமைப்புகளுக்கு இச்சட்டம் ஒரு கேள்வியை எழுப்பியது: அவர் செய்வது சிகிச்சையா, உதவியா? 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பின்னாளில் தொடங்கிய 'சகயோகி' பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் இதற்கு ஓரளவு விடை தந்தது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம் வேறொரு வழியில் சென்றது. உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்குச் செல்வார். நிபுணர்கள் கைப்பேசிச் செயலி மூலம் அவரை மேற்பார்வையிடுவார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வும், நிபுணர் அல்லாதவர்கள் வழியாகப் பெற்றோரைப் பயிற்றுவிக்க முடியும் என்று காட்டியது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-இலிருந்து 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தைத் தனியே சேர்த்தது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. பழவேற்காட்டார் அங்கே போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை அங்கன்வாடியும், பள்ளியும், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையமும்தான். 2022-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'உரிமைகள்' திட்டம், வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்க முன்களப் பணியாளர்களை அமர்த்தி, 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் திறந்து வருகிறது. பாடு நாளில் வீட்டில் ஆள் இருக்காது என்பதை அறிந்து அந்தப் பணியாளர் எந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்தே குப்பத்துக் குழந்தைக்கு அதன் பயன் அமையும்.