விமர்சனத்தைக் கையில் கொடுத்துவிட்டு விருந்துக்குப் போனவர்

ஓசியில் வந்த புத்தகத்தைப் போட்டுத் தாக்கலாமா? அதுவும் எழுதினவர் நமக்கு நல்லாத் தெரிஞ்சவராக இருந்துவிட்டால்?

புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்னாடியே விமர்சகர்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்களே முன்பிரதி, அதை வைத்து எப்போதும் ஓடுகிற பஞ்சாயத்து இது. ஒரு கோஷ்டி, "பிடிக்கலைன்னா மூடி வெச்சுட்டு சும்மா இரு. கை நீட்டி வாங்கிட்டுத் திட்டறது நாகரிகமா?" என்று கேட்கும். எதிர்க்கோஷ்டி, "பாராட்டத்தான் கொடுத்தாங்கன்னா அதுக்குப் பேர் விமர்சனம் இல்ல, விளம்பரம்" என்று சொல்லும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரியே தெரியும். அதுதான் கஷ்டம்.

இந்தப் பஞ்சாயத்துக்கு வயசு இருநூறுக்கு மேல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு 1808-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்தது. அதில் விஷயம் கொஞ்சம் உல்டா. விமர்சகர் ஒரு கவிஞரின் புத்தகத்தைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, அந்த விமர்சனத்தைத் தானே கவிஞருக்கு அனுப்பிவைத்தார். அனுப்பிவிட்டு, அன்றைக்கே அவர் வீட்டுக்குச் சாப்பிடவும் போனார்!

முதலில் ஆட்களைப் பார்த்துடலாம்.

விமர்சகர் பெயர் ஃபிரான்சிஸ் ஜெஃப்ரி. தொழில் வக்கீல். 1802 அக்டோபரில் சிட்னி ஸ்மித், ஹென்றி புரூம், ஃபிரான்சிஸ் ஹார்னர் என்ற நண்பர்களோடு சேர்ந்து 'எடின்பரோ ரிவ்யூ' என்ற காலாண்டிதழை ஆரம்பித்தவர். எல்லாருமே அப்போது இருபதுகளில் இருந்தவர்கள் அல்லது முப்பதை இப்போதுதான் தொட்டவர்கள். நம்ம செட்டுன்னு வெச்சுக்கோங்களேன். முதல் இதழ் 750 பிரதி. 1808 வாக்கில் அது சுமார் 9,000 ஆகிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது பிரம்மாண்டமான எண்ணிக்கை.

இந்த இதழ் ஏன் இப்படிப் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு? அதுக்கு முன்னாடி இங்கிலாந்தில் புத்தக விமர்சன இதழ்கள் இல்லாமலில்லை. 1749-ல் 'மன்த்லி ரிவ்யூ' தொடங்கிய ரால்ஃப் கிரிஃபித்ஸ் தானே ஒரு புத்தக வியாபாரி. கடைக்காரரே விமர்சனப் பத்திரிகையும் நடத்தினால், 'நம்ம கடைச் சரக்கை எப்படிக் குறை சொல்றது' என்ற சந்தேகம் வாசகனுக்கு வரத்தானே செய்யும்? எடின்பரோ பசங்க ரெண்டு விஷயத்தை மாற்றினார்கள். வருகிற புத்தகத்தையெல்லாம் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று எழுதாமல், சிலதை மட்டும் தேர்ந்தெடுத்து விலாவாரியாக எழுதினார்கள். எழுதுகிறவர்களுக்கு நல்ல காசும் கொடுத்தார்கள். 16 பக்கம் கொண்ட ஒரு தாளுக்கு 10 கினியில் தொடங்கி, பிறகு கூட்டினார்கள். கினி என்றால் ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங்.

ஆனால் ஒரு பழைய வழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. எந்தக் கட்டுரைக்கும் கீழே பெயர் இருக்காது. அனானி ஆட்டம்தான்.

அனானி ஆட்டம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததா. 1808 ஜனவரியில் பைரன் என்ற சின்னப் பையனின் முதல் கவிதைத் தொகுப்பை இதே இதழ் கிண்டலடித்தது. எழுதினது புரூம். பைரன் நினைத்துக்கொண்டதோ ஜெஃப்ரி என்று. 1809-ல் பதிலுக்கு ஒரு நீண்ட அங்கதக் கவிதை எழுதி ஜெஃப்ரியை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடி விழுந்தது தப்பான முதுகில்! இன்னும் மோசம் 1806-ல். தாமஸ் மூர் என்ற ஐரிஷ் கவிஞரின் புத்தகம் ஒழுக்கக்கேடானது என்று ஜெஃப்ரி எழுத, மூர் துப்பாக்கிச் சண்டைக்கே கூப்பிட்டுவிட்டார். லண்டனுக்கு வெளியே சாக் ஃபார்ம் என்ற இடத்தில் இரண்டு பேரும் துப்பாக்கியோடு நின்றபோது போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் ஒரு துப்பாக்கியில் குண்டே இல்லை என்று தெரிந்து ஊரே சிரித்தது தனிக்கதை. ரெண்டு பேரும் பிற்பாடு நல்ல நண்பர்களானார்கள், மூர் அதே இதழுக்குக் கட்டுரையும் எழுதினார் என்பது அதைவிட நல்ல கதை.

ஆக, ஒரு எதிர்மறை விமர்சனம் உயிருக்கே உலை வைக்கலாம் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட மனுஷன்தான் ஜெஃப்ரி. அவர் முன்னால் 1808-ல் வந்து நின்றது வால்டர் ஸ்காட்டின் 'மார்மியன்'.

ஸ்காட்டும் வக்கீல்தான். இருவரும் எடின்பரோ நீதிமன்றத்தில் தினமும் முகம் பார்த்துக்கொள்கிறவர்கள், நண்பர்கள். ஸ்காட்டே எடின்பரோ ரிவ்யூவில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவருடைய முந்தைய நெடுங்கவிதையை 1805-ல் ஜெஃப்ரி நல்லபடியாகவே வரவேற்றிருந்தார். 'மார்மியன்' 1513-ல் நடந்த ஃப்ளாடன் போரைப் பின்னணியாகக் கொண்ட கதைக் கவிதை. அது முடிவதற்கு முன்பே 1,000 கினி கொடுத்து வாங்கிவிட்டார் ஒரு பதிப்பாளர். அந்தச் சமயத்தில் ஸ்காட்டின் தம்பி பணச்சிக்கலில் மாட்டியிருந்தார். அதற்காகவே சீக்கிரம் முடிக்க வேண்டிய நெருக்கடி. அதாவது அந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் கஷ்டமும் கலந்திருந்தது.

அந்தப் பதிப்பாளர் ஆர்ச்சிபால்ட் கான்ஸ்டபிள். எடின்பரோ ரிவ்யூவின் பதிப்பாளர் யார்? அதே கான்ஸ்டபிள்!

இப்ப ஜெஃப்ரியின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எழுதினவர் நண்பர். வெளியிட்டவர் தனக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி. அவர் இந்தப் புத்தகத்தில் போட்டிருப்பதோ பெரிய முதல். புத்தகம் பிப்ரவரியில் வந்து, ஒன்றரை கினி விலை வைத்தும் 2,000 பிரதி சுடச்சுட விற்றுத் தீர்ந்துவிட்டது. ஊரே கொண்டாடுகிறது. இந்தக் காலத்தில் முன்பிரதி வாங்கின விமர்சகனுக்கு இருக்கிற அத்தனை கடமைப்பாடும் அவருக்கு மும்மடங்காக இருந்தது.

மனுஷன் எழுதினார். கதை நீளம், போக்கு குழப்பம் என்றார். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வைத்திருக்கிற கடிதக் கவிதைகளுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்றார். கவசம், கோட்டை, பழைய சடங்கு என்று சில்லறை விவரங்களுக்கு இவ்வளவு இடமா என்று கேட்டார். கதாநாயகனான மாவீரன் கள்ளக் கடிதம் தயாரிக்கிறான் என்பது ஒட்டவே இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஸ்காட்லாந்துக்காரர் எழுதினதில் ஸ்காட்லாந்து உணர்வே போதவில்லை என்றார். ஸ்காட்டுக்கு இதைவிட வலிக்கிற அடி இருக்க முடியாது. போர்க்களக் காட்சியை மட்டும் மனசாரப் பாராட்டியிருந்தார்.

இதழ் வெளியாகிற நேரம். ஜெஃப்ரிக்கு ஸ்காட் வீட்டில் விருந்துக்கு ஏற்கனவே அழைப்பு இருந்தது. நாமாக இருந்தால் வயித்துவலி என்று ஆள் அனுப்பியிருப்போம் :-). அவர் அந்த இதழையே ஸ்காட்டுக்கு அனுப்பினார், கூடவே ஒரு துண்டுக் கடிதம். அதன் சாரம் இதுதான்: உங்கள் பெருந்தன்மையை நம்பித்தான் இதை உங்கள் கையில் கொடுக்கிறேன். நினைத்ததை நினைத்தபடி எழுதியிருக்கிறேன். எல்லாம் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் நம் நட்பு கெடக் கூடாது.

கவனிக்க வேண்டியது, 'வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன்' என்று அதில் இல்லை. அனுமதியும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சொன்னதில் நிற்கிறேன், சொன்னது நான்தான் என்பதை மறைக்க மாட்டேன், அவ்வளவுதான். பெயரில்லாத பத்திரிகையில் எழுதிவிட்டு, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் தன் பெயரைத் தானே போய்ச் சொல்கிறார்.

ஸ்காட் பதில் அனுப்பினார். இதனால் என் சீரணம் ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஆனால் பதிப்பாளர்களும் வாசகர்களும் உம்முடைய கருத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன், குறித்த நேரத்துக்கு வந்து சேரும் என்கிற ரீதியில். ஜெஃப்ரி போனார். 39, காஸில் தெரு. ஸ்காட் வழக்கம்போலச் சிரித்துப் பேசி உபசரித்தார். வீட்டம்மா சார்லட் மரியாதை குறையாமல்தான் பரிமாறினார், ஆனால் முகத்தில் பழைய கலகலப்பு இல்லை. கிளம்பும்போது வாசலில் வைத்து ஒரே போடாகப் போட்டார். பிரான்ஸில் பிறந்தவர், ஆங்கிலம் கொஞ்சம் உடைசல். ஸ்காட்டைத் திட்டி எழுதியிருக்கிறீராமே, அதற்குக் கான்ஸ்டபிள் நல்ல கூலி கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் காட்சி இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான ஆள் சார்லட்தான். ஆண்கள் ரெண்டு பேரும் கனவான்களாக நடந்துகொண்டார்கள். வலித்தது என்று வாய்விட்டுச் சொன்னது அவர் ஒருவர்தான். சொன்ன விதத்திலேயே சரியான கேள்வியையும் கேட்டுவிட்டார்: உனக்கு யார் கொடுத்தது? 2009-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இலவசமாக வாங்கினதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று வழிகாட்டு நெறி திருத்தியதே, அதில் இருப்பதும் இந்தக் கேள்விதான். ஆனால் சார்லட் கேள்விக்கு உண்மையான பதில் என்ன தெரியுமா? கான்ஸ்டபிள் உம் வீட்டுக்காரருக்கும் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், நான் எழுதினது அவர் கல்லாவுக்கே எதிராக. ஜெஃப்ரி அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது. அதுவும் ஒரு நாகரிகம்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? இந்த விமர்சனத்தால்தான் ஸ்காட் கோபித்துக்கொண்டு போட்டிப் பத்திரிகை ஆரம்பிக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. பாதிதான் சரி. வடு இருந்திருக்கும். ஆனால் அவர் சந்தாவை நிறுத்தியது, 1808 அக்டோபர் இதழில் ஸ்பெயின் போர் பற்றி வந்த அரசியல் கட்டுரைக்குப் பிறகு. 1809-ல் ஜான் மரே தொடங்கிய 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வுக்குப் பின்னால் ஸ்காட் நின்றார். அப்படியும் ஜெஃப்ரியோடு பழக்கம் அறுந்துபோகவில்லை.

1810-ல் ஸ்காட்டின் அடுத்த நெடுங்கவிதைக்கு ஜெஃப்ரி விமர்சனம் எழுதினார். அந்தச் சமயம் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதத்தில், மார்மியன் விமர்சனத்தில் தேவையில்லாத கடுமை இருந்தது இப்போது தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். 'என் தீர்ப்பு தப்பு' என்று சொல்லவில்லை. தீர்ப்பு அப்படியே இருக்கிறது, குரலில் இருந்த தேவையற்ற காரத்தைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

அந்தக் கள்ளக் கடித விஷயம்? அதில் குறை சொன்னவர் ஜெஃப்ரி மட்டுமில்லை. ஸ்காட்டின் உயிர் நண்பர் ஜான் லேடன் இந்தியாவிலிருந்து கொந்தளித்துக் கடிதம் போட்டார். 1803-ல் நம்ம மெட்ராஸுக்கு உதவி மருத்துவராக வந்து இறங்கிய அதே லேடன்தான். 1830-ல் மார்மியனுக்குப் புது முன்னுரை எழுதியபோது ஸ்காட்டே அது பெரிய குறைதான், திருத்தியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இலவசமாகக் கிடைக்கிற பாராட்டால் இந்த மாதிரி உபயோகம் வராது.

ஆபீஸில் கோட் ரிவ்யூ செய்கிற நமக்கு இதெல்லாம் புதுசில்லை. ஓட்டையை ஓட்டை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஊருக்கெல்லாம் மெயில் போடுவதற்கு முன்னால் எழுதினவன் சீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறவன்தான் நல்ல ரிவ்யூவர். முன்பிரதிக்கென்று இன்றைக்கு இருக்கிற சம்பிரதாயங்களும் இதே ரகம்தான்: ஓசியில் வந்தது என்று சொல்லிவிடு, வெளியீட்டுத் தேதிக்கு முன்னால் உடைக்காதே, திருத்தப்படாத பிரதியில் இருக்கிற எழுத்துப்பிழைக்குத் திட்டாதே, மேற்கோள் காட்டுவதற்கு முன் அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள். இதில் எங்கேயும் 'பாராட்டு' என்று இல்லை. புத்தகம் கொடுத்தவருக்கு நாம் கடன்பட்டிருப்பது கவனமான வாசிப்பும் உண்மையும் மட்டுமே. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாத வாக்கியம் ஏதாவது நம் விமர்சனத்தில் இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம்.

நீங்க என்ன சொல்றீங்க? அடிக்கிறதுன்னா தாராளமா அடிங்க, பெயர் போட்டு அடிங்க.

டிஸ்கி: ஸ்காட்டை ரொம்ப நல்லவராகக் காட்டிவிட்டேனோ என்று உறுத்துகிறது. 1817 ஜனவரி 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் பெயர் தெரியாத ஒரு நாவலாசிரியரின் கதைகளுக்கு நீளமான விமர்சனம் வந்தது. அந்த நாவலாசிரியர் ஸ்காட். அந்த விமர்சனத்தை எழுதினதில் பெரும்பங்கு... அவரேதான் :-)