சி.ஆர். யாரோட ஆளு?

விக்கிரவாண்டி டோல்கேட்ல காலையில நின்னா வரிசையா காலேஜ் பஸ் வரும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு சி.ஆர். இருப்பாங்க. அவங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா? பல இடத்துல யாருமே இல்ல. டியூட்டர் கைகாட்டுவார், அவ்வளவுதான்.

எப்பவும் இப்படி இல்ல. அப்போ விக்கிரவாண்டியும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 1965 ஜனவரி 27 அன்னைக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களோட இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் சுட்டு ராஜேந்திரன்ங்கிற மாணவர் இறந்தார். அந்தப் போராட்டத்தை முன்ன நின்னு நடத்தினது மாணவர் தலைவர்கள். அவங்கள்ல ஒருத்தரான பெ. சீனிவாசன், 1967 தேர்தல்ல விருதுநகர்ல காமராஜரையே தோற்கடிச்சார்!

2006-ல லிங்டோ குழு பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. வகுப்புப் பிரதிநிதிகளை மாணவர்களே தேர்ந்தெடுத்து, அவங்க சங்க நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது அதுல சொல்லப்பட்ட ஒரு முறை. சூழல் சரியில்லன்னா நியமனம் பண்ணலாம். ஆனா அது தற்காலிகம். 5 வருஷத்துக்குள்ள தேர்தலுக்கு மாறணும்.

இதுல என்ன பெருசா இருக்குன்னு கேக்கலாம். அண்ணா பல்கலைக்கழக விதிகள்ல 'கிளாஸ் கமிட்டி'ன்னு ஒண்ணு இருக்கு. பாடம் எடுக்கிறவங்களும் மாணவர் பிரதிநிதிகளும் உக்காருவாங்க. தலைமை தாங்குறவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர். மாணவர்கள் பயமில்லாம பேச அது வசதி. ஆனா, டியூட்டர் பாத்து உக்கார வெச்ச சி.ஆர்., "சார், மூணாவது யூனிட் இன்னும் நடத்தல"ன்னு அங்க சொல்வாரா?

உங்க வகுப்புல அடுத்த சி.ஆர். யாருன்னு பேச்சு வந்தா, ஒரு துண்டுச் சீட்டு கேளுங்க. ஓட்டு அங்கதான் ஆரம்பிக்குது.