அஜின்கோர்ட்டுக்குக் குடிவந்த காந்த ஊசி

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இன்று வாகனம் நிறுத்த இடம் பிடிப்பதே பெரும்பாடு. 1898இல் அது வயல்கள் சூழ்ந்த கிராமம். அந்த அமைதியைத் தேடித்தான் ரொறன்ரோவின் காந்தவியல் அவதான நிலையம் நகர் நடுவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. அதைத் துரத்தியது மின்சார ட்ராம்.

திசைகாட்டி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் ஏன் விலகுகிறது என்பது கப்பல்களை நம்பியிருந்த பேரரசுக்குப் பிழைப்புப் பிரச்சினை. 1839இல் பிரித்தானிய அரசு ரொறன்ரோவிலும் தாஸ்மேனியாவின் ஹோபார்ட் உள்ளிட்ட வேறு இடங்களிலும் அவதான நிலையங்கள் அமைக்க ஆட்களை அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களைப் பொறுப்பேற்றது. ரொறன்ரோவுக்கு வந்தவர் சார்ல்ஸ் ரிடெல் என்ற பீரங்கிப்படை லெப்டினன்ட். 1840இல், இன்றைய பல்கலைக்கழக வளாகத்தில், இரும்பு தவிர்த்துக் கட்டிய மரக் கட்டடத்தில் கருவிகள் வைக்கப்பட்டன. இரவென்றும் குளிரென்றும் பாராமல் படையினர் ஊசியின் அசைவுகளை ஏட்டில் குறித்தார்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் பெரிதாக நினைவுகூர்வதில்லை.

அந்த ஏடுகள் எட்வர்ட் சபைனின் கைக்குப் போயின. ஜேர்மனியில் ஹைன்ரிக் ஷ்வாபே பல ஆண்டுகள் சூரியப் புள்ளிகளை எண்ணி, அவை ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதாகச் சொல்லியிருந்தார். ரொறன்ரோ, ஹோபார்ட் பதிவுகளில் தெரிந்த காந்தக் குழப்பங்களும் அதே தாளத்தில் ஏறி இறங்குவதை 1852இல் சபைன் அறிவித்தார். சூரியன் வெளிச்சமும் வெப்பமும் தவிர வேறெதையோ நமக்கு அனுப்புகிறது என்பதற்கான முதல் வலுவான தடயங்களில் ஒன்று அது. எப்படி என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இன்று சொல்ல முடிகிறது. சூரியன் வீசியெறியும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தக் கோளத்தை அழுத்துகின்றன. அயனி மண்டலத்தில் பெரும் மின்னோட்டங்கள் பாய்கின்றன. தரையில் ஊசி நடுங்குகிறது. 1989 மார்ச் 13இல் அத்தகைய புயலொன்று கியூபெக்கின் மின்வலையைச் சில நிமிடங்களுக்குள் வீழ்த்தியது. அறுபது இலட்சம் பேர் மணிக்கணக்காக இருளில் இருந்தார்கள்.

ஊசிக்கு ஒரு பலவீனம் உண்டு: எந்த மின்னோட்டம் சூரியனால் வந்தது, எது வீதியிலிருந்து வந்தது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. 1892இல் ரொறன்ரோவில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியதும் தண்டவாளங்களிலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்சாரம் பதிவுகளைக் கெடுத்தது. அதனால்தான் அஜின்கோர்ட். பம்பாயின் கொலாபாவுக்கும் இதே கதிதான். 1904இல் அலிபாக்கில் மாற்று நிலையம் அமைந்தது.

ஆனால் ரொறன்ரோ அஜின்கோர்ட்டையும் விடவில்லை. வயல்கள் வீடுகளாயின. 1960களின் இறுதியில் ஊசி மறுபடியும் மூட்டை கட்டியது, இம்முறை ஒட்டாவாவுக்கு.