ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

வீரா, புத்ரா, சத்ரியா. புரோட்டோன் காடிகளுக்கு வைத்தவை மலாய்ப் பெயர்கள்தாம்; ஆனால் வீரன், புத்திரன், சத்திரியன் என்று நம் காதில் விழுந்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. இதில் புத்ராவும் சத்ரியா ஜிடிஐயும் அண்ணன் தம்பி.

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டும் போனட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் அதே மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின், 1.8 லிட்டர், 16 வால்வு. "மாத்தி வெச்சாக்கூட காடிக்குத் தெரியாதுலா தம்பி" என்றார் பட்டறை அண்ணன், கையைத் துணியில் துடைத்தபடி.

1985-இல் வந்த முதல் சாகாவே மிட்சுபிஷி அச்சில் வார்த்ததுதான். 1994-இல் சத்ரியா, 1996-இல் இரண்டு கதவுப் புத்ரா, எல்லாம் அதே வழி. புத்ரா அழகன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான்.

கதை திரும்பியது அதே 1996-இல். அப்போது புரோட்டோனின் தலைவர் யஹாயா அகமட். இங்கிலாந்தில் பந்தயக் காடிகளால் பேர் எடுத்து, பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த லோட்டஸ் கம்பெனியின் பெரும்பங்கை அவர் வாங்கினார். சில மாதங்களில், 1997 மார்ச்சில், பகாங்கில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். அந்த வியாபாரத்தில் பிறந்த காடியை அவர் பார்க்கவில்லை.

நார்ஃபோக்கின் ஹெதல் கிராமத்தில் இருக்கும் லோட்டஸ்காரர்களுக்குக் கிடைத்தது மூன்று கதவுச் சத்ரியா. எஞ்சினில் அவர்கள் பெரிதாகக் கைவைக்கவில்லை. சுமார் 140 குதிரைத்திறன், அது போதும். உடம்பை இறுக்கினார்கள், ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள், 16 அங்குலச் சக்கரம் போட்டார்கள். 90-களின் கடைசியில் ஜிடிஐ வெளிவந்தது. பின்னால் சின்னதாக ஒரு பட்டை: 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்'.

அந்தப் பட்டையின் அர்த்தம் தெலுக் இந்தான் சாலையில் தெரியும். எங்கள் பக்கம் சதுப்பு மண். தார் அலை அலையாக எழும்பிக் கிடக்கும், போதாததற்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வேறு. புத்ரா அந்த அலையோடு தானும் கொஞ்சம் அசைந்து போகும். ஜிடிஐ தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பள்ளத்தையும் உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்புக்குச் சொல்லிவிட்டுத்தான் தாண்டும்.

ஜிடிஐயின் விலை ஏறியதும் போலிகள் முளைத்தன. சாதா 1.3 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரையும் பட்டையையும் மாட்டிவிட்டால் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

பட்டறையில் நின்ற அந்தச் சத்ரியாவும் அப்படிப்பட்டதுதான் என்று அண்ணன் பிறகுதான் சொன்னார். உள்ளே இருந்த 4ஜி93 வேறொரு புத்ராவின் வயிற்றிலிருந்து வந்தது. அந்தப் புத்ராவின் இரண்டு நீளக் கதவுகளும் பின்சுவரில் சாய்ந்திருந்தன. கண்ணாடி மட்டும் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.