பித்தக்கான் புற்றுநோயும் கதிர்ச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

கதிர்வீச்சின் வரலாற்றை நாம் நோக்குமிடத்து, அது பித்தக்கான் புற்றுநோய்க்குச் சிகிச்சையாக மட்டுமன்றிக் காரணமாகவும் அமைந்தமை புலனாகின்றது. 1930களிலும் 1940களிலும், குருதிக்கலன்களை எக்ஸ் கதிர்ப் படத்திற் காட்டுதற்பொருட்டுத் 'தோரோத்திராஸ்ற்' எனும் தோரியச் சேர்வை நோயாளருக்கு ஏற்றப்பட்டது. ஈரலிற் படிந்த தோரியம் வாழ்நாள் முழுவதும் கதிர் வீசியது. பல்லாண்டுகளின் பின்னர் அவர்களுட் பலர் ஈரற் புற்றுக்கும் பித்தக்கான் புற்றுக்கும் ஆளாயினர்.

சிகிச்சையில் எழுந்த இடர் வேறுவகையினது. பித்தக்கான் ஈரலையும் முன்சிறுகுடலையும் அடுத்துள்ளது. புற்றை அழிக்கவல்ல கதிரளவை அவ்வுறுப்புக்கள் தாங்கா. எனவே கதிர்ச் சிகிச்சை நெடுங்காலம் நோய் தணிக்கும் துணையாகவே கருதப்பட்டது. கானினுள்ளேயே இரிடியம்-192 இழையைச் செலுத்தும் முறையும் இவ்விடரைக் குறைக்கும் முயற்சியேயாகும்.

1993இல் ஐக்கிய அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தார், ஈரல் வாயிலில் எழும், வெட்டியகற்ற இயலாத புற்றுக்குக் கதிரும் மருந்தும் முதலில் அளித்து, பின்னர் ஈரலையே மாற்றும் முறையை வகுத்தனர். அகற்றப்படவுள்ள ஈரல் ஊறுபடுமென்ற அச்சம் அங்கே குறைந்தது. 2012இல் வெளியான, 12 நிலையங்களின் 287 நோயாளர் பற்றிய ஆய்வு, ஐந்தாண்டு உயிர்வாழ்வினை 53 வீதமெனக் கணித்தது.

இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கே உரியது. எனினும், கதிரின் பயன் அதன் அளவிலும், பிற சிகிச்சைகளிடையே அது பெறும் இடத்திலுமே தங்கியுள்ளது என்பது நாம் பெறும் முடிபாகும்.