தஞ்சோங் துவாலாங்கின் சாய்ந்த கப்பல்

பேராக்கில் பத்து காஜாவைத் தாண்டி தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரக் குட்டையில், கடலையே பார்க்காத கப்பல் ஒன்று நிற்கிறது. எடை 4,500 டன். சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் நிறுவனத்துக்காக, இங்கிலாந்தின் எஃப்.டபிள்யூ. பெய்ன் அண்ட் சன் வடிவமைப்பில் 1938இல் உருவான, ஈயம் தோண்டும் கப்பல் அது. பெயர் தஞ்சோங் துவாலாங் 5, சுருக்கமாக டி.டி.5.

வாளிச் சங்கிலி குட்டையின் அடிமண்ணை வாரி மேலே கொண்டுவரும். உள்ளே மண்ணை அலசி ஈய மணலைப் பிரிப்பார்கள். மிச்சத்தைப் பின்பக்கம் கொட்டிவிட்டுக் கப்பல் முன்னே நகரும். குட்டையும் அதோடு சேர்ந்து நகரும். மலாயாவில் இத்தகைய முதல் கப்பல் 1913இல் இதே பத்து காஜா வட்டாரத்தில்தான் இறங்கியது.  

டி.டி.5இன் இத்தனை பாரத்தையும் தாங்குவது அடியிலிருக்கும் மிதவைப் பெட்டி. 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், ஆழம் வெறும் 3 மீட்டர். வாளிகளைப் படமெடுக்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. துருவுக்கு வேண்டியதும் அந்த மறைவுதான். நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில் இரும்பு வேகமாக அரிபடும். துருவாக மாறிய இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மேலே பூசிய சாயத்தை உள்ளிருந்தே உப்ப வைக்கும். சாயம் உப்பித் தெரியும்போது அடியில் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

ஈப்போவில் பழைய மோரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. கதவில் துரு என்றால் அழகு கெட்டது, அவ்வளவே, அது காத்திருக்கும். கதவுக்குக் கீழுள்ள நீள்பெட்டியிலோ, பின்சக்கர வில்பட்டை மாட்டும் இடத்திலோ திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், சாயத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. வெட்டி எடுத்து, நல்ல இரும்புவரை போய், புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும்.

டி.டி.5 1982 வரை, 44 ஆண்டுகள் உழைத்தது. அதுவரை ஒரு கசிவு என்றால் கப்பல் நிற்கும், ஈயம் நிற்கும், லாபம் நிற்கும். எப்போது பழுது பார்ப்பது என்பதை அந்தக் கணக்கே முடிவு செய்துவிடும். வேலை நின்றபின் அந்த அவசரம் யாருக்கும் இல்லை. 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்து விலை சரிந்தது. இந்த வட்டாரம் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழிலும் படுத்தது. மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. இது மட்டும் காட்சிப்பொருளாகத் தப்பியது.

தப்பியதே அதற்கு ஆபத்தாகவும் ஆனது. மழை ஓயாத ஊரில், வருமானமில்லாத இரும்பு குட்டையிலேயே கிடந்தது. மிதவைக்குள் நீர் கசிந்து கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. மூழ்கிவிடும் என்ற அச்சம் செய்தித்தாள்களுக்கு வந்தது. பல ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் நடந்ததற்கு, கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பணம் புறப்பட்டது. நினைவுச்சின்னங்களை வைத்திருக்கும் அரசுகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். தனியார் கராஜ்களும் அவ்வளவு யோக்கியமில்லை.

மிதவை சீர்செய்யப்பட்டு, 2019இல் கப்பல் மறுபடி பார்வையாளர்களுக்குத் திறந்தது. இப்போது அது ஈயம் தருவதில்லை, சம்பாதிப்பது நுழைவுச்சீட்டில். அடித்தகடு இன்னும் தண்ணீரில்தான்.